வயசு இல்லாத வார்த்தை

“மூலத்துல அப்படி இல்லம்மா” என்பார் சார். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அவர் வந்து நிற்கிற இடம் அதுதான். நாங்கள் தமிழில் வாசித்து, தமிழில் புரிந்துகொண்டு, தமிழிலேயே அழுதுகொண்டிருந்த வேத வசனங்களை அவர் கிரேக்கத்துக்குக் கொண்டுபோவார். அங்கிருந்து வேறு ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வருவார். எடுத்து வருவது எப்போதும் அவருக்குச் சௌகரியமாகவே இருக்கும். இதைக் கவனித்தவள் எங்கள் சபையில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவர் மெர்ச்சண்டைசராக இருந்தார். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர்களோடு இங்கிலீஷில் பேசுவதும், அவர்கள் கேட்டபடி கம்பெனியில் எல்லாம் நடக்கிறது என்று அவர்களை நம்பவைப்பதும் அவர் வேலை. தெற்கத்திக்காரர். வாலிபத்தில் ஊழியத்துக்குப் படிக்கப் போய், இரண்டு வருஷம் கிரேக்கம் படித்துவிட்டுப் பாதியில் விட்டவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் ஒரு நாள் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்பார், இன்னொரு நாள் ஆண்டவர் வேறு வழி காட்டினார் என்பார். இரண்டும் நிஜமாக இருக்கலாம். ஆனாலும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வைத்திருக்கிற மனிதரைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு முள் குத்தும்.

எங்கள் சபை ஊத்துக்குளி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன ஹால். பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொங்கலூர்ப் பக்கமிருந்து வந்து போவார். மற்ற நாளெல்லாம் சாவி எங்கள் வீட்டுச் சமையலறை ஆணியில் தொங்கும். ஹாலுக்கு ஒட்டினாற்போலத்தான் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் நிட்டிங்கில் ஷிப்ட் பார்த்தார். நான் வீட்டிலேயே பனியன்களுக்குப் பிசிறு நூல் வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிசிறு தேடித் தேடிப் பழகிய கண், மனுஷர்களிடமும் அதையேதான் தேடியது.

சார் சட்டைப் பையில் மடக்கு லென்ஸ் ஒன்று இருக்கும். துணியில் இழை எண்ணுகிற லென்ஸ். சபையில் உட்கார்ந்ததும் அதை விரித்து, ஜிப் வைத்த கிரேக்க வேதப்புத்தகத்தின் எறும்பு எழுத்துகள்மேல் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பாஸ்டர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே பார்ப்பார். பார்த்துவிட்டு லேசாகத் தலையை ஆட்டுவார். அது ஆமாவா இல்லையா என்று தெரியாமல் பாஸ்டருக்கு வேர்த்துவிடும். பாவம், அந்த மனுஷன் கடைசியில் கிரேக்கம் வராத சின்னச் சின்ன வசனமாகத் தேடிப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார்.

ஒரு தடவை சபை முழுக்க உபவாசம் என்று முடிவானது. அன்றைக்கென்று பார்த்து சார் கம்பெனியில் ஷிப்மெண்ட். மத்தியானம் சாவி வாங்க வந்தவர் வாயில் பஜ்ஜி வாசம். நான் அவர் வாயைப் பார்த்தேன், அவ்வளவுதான். “மூலத்துல உபவாசம்ங்கிறது வயித்தப் பத்தினது இல்லம்மா, மனசப் பத்தினது” என்றார். “அப்பச் சரிங்க சார், நானும் போயி மனசார ரெண்டு இட்லி தின்னுட்டு வந்தர்றேனுங்” என்றேன். சிரித்துவிட்டார். கோபமே வராது அவருக்கு. அதுவும் எனக்குச் சந்தேகம்தான். இடித்துக்காட்டினால் சுருக்கென்று ஏறாத மனுஷன் உண்டா?

நல்லதும் செய்தார், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் வீட்டுக்காரருக்கு விஷக்காய்ச்சல் வந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சார்தான் கம்பெனி வேலையைப் போட்டுவிட்டு வந்து, இளநீரை டம்ளரில் ஊற்றி அவர் வாயில் வைத்தார். நான் கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் படுக்கை விரிப்பை மாற்றியிருந்தார். நான் நின்று அழுதேன். அழுதுகொண்டே, இவருக்கு எங்களால் என்ன ஆகவேண்டியிருக்கிறது என்றும் யோசித்தேன். அப்படிப்பட்ட புத்தி எனக்கு.

எங்களால் ஆகவேண்டியது அந்தச் சாவிதான் என்று அப்புறம் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை காலையில் வந்தார். “அம்மா, ஹால் சாவி குடுங்க. பிள்ளைகளுக்கு வேதபாட வகுப்பு வைக்கேன்.”

“புதன்கிழமையிலயுங்களா?”

“ஞாயித்துக்கிழமையும் அதுவளுக்கு ஓவர்டைம் போட்டுருதாவ. பாவம், கிடைக்கிற அன்னைக்குத்தான் சொல்லிக்குடுக்க முடியும்.”

கொஞ்ச நேரத்தில் கம்பெனி வேன் வந்து நின்றது. ஜன்னலுக்கெல்லாம் திரை போட்ட வேன். அதிலிருந்து பெண் பிள்ளைகளாக இறங்கினார்கள். எல்லாம் சின்னது, தலை முழுக்கப் பஞ்சு. வேதபாடத்துக்கு வருகிற பிள்ளை தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வரும். இவர்கள் தையல் மெஷின் பக்கத்திலிருந்து அப்படியே எழுப்பிக் கூட்டிவந்தது போலிருந்தார்கள். கழுத்தில் கயிறு தெரிந்தது, அதில் தொங்குகிற கம்பெனி கார்டைத் தாவணிக்குள் சொருகியிருந்தார்கள்.

முன்னால் இறங்கியவளைக் கூப்பிட்டு, “உம் பேரென்ன கண்ணு? எத்தன வயசு?” என்றேன்.

“முத்துமாரிக்கா. பதினெட்டு.”

கேட்டதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் இடுப்புக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தாள். முன்பல் ஒன்று இன்னும் சரியாக வளர்ந்து முடியவில்லை. பக்கத்தில் நின்றவளைக் கேட்டேன். அவளும் பதினெட்டு. அதற்கடுத்தவளும் பதினெட்டு. ஒரே நாளில் பிறந்தவர்கள் மாதிரி எல்லோரும் பதினெட்டு.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. “இன்னைக்கு அந்தக் கம்பெனில ஆடிட்டாமா புள்ள. பையரோட ஆளுக வந்து பாப்பாங்க. சின்னப் பிள்ளைக வேல செய்யறது தெரிஞ்சா ஆர்டர் போயிரும். அதுக்குத்தான் வேன்ல ஏத்தி எங்கியாச்சும் கொண்டுபோயி உக்கார வெச்சுருவாங்க” என்றார். ஆடிட் அன்றைக்கு முதலுதவிப் பெட்டியைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுவரில் மாட்டுவார்களாம், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவார்களாம். யார் கேட்டாலும் பதினெட்டு என்று சொல்லப் பிள்ளைகளுக்குப் பழக்கிவைத்திருப்பார்களாம். மற்ற கம்பெனிகள் குடோனிலோ மொட்டைமாடியிலோ ஒளித்துவைத்தார்கள். எங்கள் சார் ஆண்டவருடைய வீட்டில் கொண்டுவந்து வைத்தார். யோசனை யாருக்கும் வராத யோசனைதான், மறுக்கமுடியாது.

அதற்குப் பிறகு எப்போதெல்லாம் ஆடிட்டோ அப்போதெல்லாம் வேதபாடம். அவர் ஒப்புக்கு உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு இத்தனை குழப்பம் இருந்திருக்காது. நிஜமாகவே பாடம் எடுத்தார். அழகாக எடுத்தார். பிசிறு வெட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நானும் கேட்டேன்.

ஒரு நாள் கரும்பலகையில் கிரேக்க எழுத்தில் ஒரு வார்த்தை எழுதினார். கொடி படர்ந்த மாதிரி இருந்தது. “இதை பைதியோன்னு வாசிக்கணும். குழந்தைன்னு அர்த்தம். எல்லாரும் சொல்லுங்க.” பஞ்சுத் தலைகளெல்லாம் சேர்ந்து ‘பைதியோன்’ என்றன. மாட்டுத் தொழுவத்தில் துணியில் சுற்றிக் கிடத்தியிருந்த பச்சைக் குழந்தைக்கும் வேதத்தில் இந்த வார்த்தைதான் என்றார். ஜெப ஆலயத் தலைவன் ஒருவனுடைய மகள், பன்னிரண்டு வயதுக்காரி, செத்துப்போனாள் என்று ஊரே ஒப்பாரி வைத்தபோது, இல்லை, தூங்குகிறாள் என்று சொல்லி ஆண்டவர் அவளைக் கையைப் பிடித்து எழுப்பினாரே, அவளுக்கும் இதே வார்த்தைதான் என்றார். அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று ஆண்டவர் சொன்னதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. அது நடிப்பில்லை. பிசிறு பார்க்கிற என் கண்ணுக்கே அதில் பிசிறு தெரியவில்லை.

முத்துமாரி கையைத் தூக்கினாள். “எந்திச்ச பொறவு அவ என்ன செஞ்சா சார்? வேலைக்குப் போனாளா?”

“சாப்பிட்டா” என்றார் சார்.

“சாப்ட பொறவு?”

அவர் அடுத்த வசனத்துக்குப் போனார். கடலில் ராத்திரி முழுக்க வலை வீசிவிட்டு வெறுங்கையோடு நின்ற வளர்ந்த ஆம்பளைகளையும் ஆண்டவர் கரையில் நின்று இதே வார்த்தையைச் சொல்லித்தான் கூப்பிட்டாராம். “பாத்தீங்களா? பச்சப்பிள்ளையும் அதுதான், பன்னெண்டு வயசும் அதுதான், தாடி வச்ச ஆளும் அதுதான். இந்த வார்த்தைக்குள்ள வயசே கிடையாது. அன்பு மட்டும்தான் இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. பனியன் கழுத்துப்பட்டி மாதிரி எந்தத் தலைக்கும் விரிந்துகொடுக்கிற வார்த்தையாக இருக்கிறதே இது. பிள்ளைகள் வேனில் ஏறப் போனபிறகு அவரை நிறுத்தினேன்.

“ஏனுங்க சார், அந்த வார்த்தைல வயசு இல்லீங்களா, இல்ல நீங்க எடுத்துப்போட்டீங்களா?”

அவர் லென்ஸை மடக்கிப் பையில் போட்டார். “உங்களுக்கு எப்பவும் சந்தேகந்தாம்மா.”

“பன்னெண்டு வயசுப் பிள்ளய ஆண்டவர் கையப் பிடிச்சு எழுப்புனாருங்க. நீங்க அதே வயசுப் பிள்ளய விடியக்காலைல எழுப்பி மெசின்கிட்ட நிறுத்தறீங்க. ரெண்டும் ஒண்ணுங்களா?”

“எங்க ஊர்ப் பக்கம் அதுவளுக்குச் சோறு இல்லம்மா. இங்க மூணு வேளை தின்னுதுவ. நான் இல்லன்னா வேற ஒருத்தன் கூட்டிட்டு வருவான். அவன் வேதம் சொல்லிக்குடுக்க மாட்டான்” என்றார். ரொம்ப நல்ல பதில். நல்ல பதிலைக் கேட்டால்தான் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும்.

முத்துமாரிக்கு என்னோடு ஒட்டுதல் வந்துவிட்டது. வகுப்புக்கு நடுவில் தண்ணீர் கேட்டு வருவாள். நான் இரண்டு தோசை போட்டுக் கொடுப்பேன். கம்பெனியில் அவளுக்குத் தைக்கிறவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்குகிற வேலை. நின்றே செய்யவேண்டும். கணுக்காலெல்லாம் வீங்கிக் கிடக்கும். “பதினெட்டு வயசுக்காரிக்குக் கால் இப்படி வீங்காது கண்ணு” என்று ஒரு நாள் சொன்னேன். கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் காதோடு, “பன்னெண்டுக்கா” என்றாள். ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். எட்டாவதில் அவள் பெயரை எடுக்காமல் வைத்திருப்பதாக அவள் ஊர் ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தாராம், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பு. “சார்ட்ட கேட்டேன்கா. சீசன் முடியட்டும்னாவ. சீசன் எப்பக்கா முடியும்?”

திருப்பூரில் சீசன் முடிந்து யார் பார்த்தார்கள். நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை. மே மாதம் முடியப் போகிறது, அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நான் சாரிடம் கேட்டேன், பாஸ்டரிடம் சொன்னேன். பாஸ்டர், “கம்பெனி விஷயமுங்க, நாம என்ன பண்றது” என்றார். சார், “பாத்துக்கிடுதேன்” என்றார். அந்தப் பார்த்துக்கொள்கிறேனுக்கு மூலத்தில் என்ன அர்த்தமோ என்று மனசுக்குள் வைதேன்.

அந்த வாரமே இன்னொரு ஆடிட். வேன் வந்தது, பிள்ளைகள் இறங்கினார்கள், சார் கரும்பலகை முன்னால் நின்றார். சோற்றுநேரம் தாண்டி இருக்கும், ஓர் ஆட்டோ வந்து சந்து முனையில் நின்றது. காட்டன் சேலை கட்டிய ஒரு அம்மா இறங்கி நேராக என்னிடம் வந்தார். “இங்க சர்ச் எங்கங்க?” கையில் கிளிப் போட்ட அட்டை. ஆடிட்டுக்கு வந்தவர் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கம்பெனி சாப்பாட்டுக் கூடத்தில் ஆள் இல்லாத தூக்குவாளிகள் வரிசையாக இருந்ததைப் பார்த்து, இதெல்லாம் யாருடையது என்று அவர் கேட்டிருக்கிறார். எல்லோரும் முழித்திருக்கிறார்கள். வேன் ஓட்டுகிறவன் புதுசு, பீகார்ப் பக்கத்துப் பையன். அவனுக்கு யாரும் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கேட்டதும், எல்லாரும் சர்ச்சில் இருக்கிறார்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டான்.

நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஹாலுக்குள் நுழைந்ததும் சார் திரும்பினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “வாங்க மேடம். எங்க சபைப் பிள்ளைங்க. லீவு நாள்ல வேதபாடம் எடுக்கேன்.”

அது பொய் என்று எப்படி நிரூபிக்க முடியும்? கரும்பலகையில் கிரேக்க வார்த்தை. மடியில் பாட்டுப் புத்தகம். பள்ளிக்கூட லீவு வேறு. பிள்ளைகள் பிள்ளைகளாகவே உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவின் முகமே கொஞ்சம் தளர்ந்துவிட்டது. போகிறபோக்கில் கேட்பதுபோல், “பாப்பா, உங்களுக்கெல்லாம் எத்தனை வயசு?” என்றார்.

பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்று ஒரே குரலில், “பதினெட்டு, மேடம்!” என்றார்கள்.

ஹால் அதிர்ந்தது. அந்த ஓர் இடத்தில்தான், அந்த ஒரு நாள்தான், அவர்கள் தங்கள் சொந்த வயதைச் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். வேதபாடத்துக்கு வந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையை யார் என்ன சொல்லப் போகிறார்கள்? பழக்கியது பழக்கியபடி வந்துவிட்டது. கம்பெனிப் பிள்ளையைத் தவிர வேறு எந்தப் பிள்ளை இப்படி எழுந்து நின்று பதினெட்டு என்று சொல்லும்? சாரின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்ததைப் பார்த்தேன்.

அந்த அம்மா முன்வரிசையில் நின்ற முத்துமாரியின் தோளில் கை வைத்தார். “சார், நீங்களே சொல்லுங்க. இது குழந்தையா, இல்லையா?”

சார் கரும்பலகையைப் பார்க்கவில்லை, புத்தகத்தைத் திறக்கவில்லை. முத்துமாரியைப் பார்த்தார். “குழந்தைதான் மேடம்” என்றார். மூலத்துக்கெல்லாம் போகாமல் அவர் நேராகச் சொன்ன வார்த்தை என் நினைவில் அது ஒன்றுதான். எத்தனை வருஷமாக இந்த மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று தோன்றியது.

அடுத்த மூச்சிலேயே சொன்னார். “இவ ஒருத்திதான் மேடம். எப்படியோ தவறிக் கம்பெனிக்குள்ள வந்துட்டா. மத்தவங்களுக்கெல்லாம் பதினெட்டு முடிஞ்சிட்டு. கம்பெனில பேப்பர் இருக்கு. இன்னைக்கு வேலை இல்ல, அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்.”

“எல்லாமே சின்னப் பிள்ளைகதாங்க மேடம்! மொகத்தப் பாருங்க!” என்று கத்தினேன் நான்.

“அந்தம்மாவுக்குக் கம்பெனி விவரம் தெரியாது மேடம்” என்றார் சார், மரியாதை குறையாமல்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். “உங்ககிட்ட ஏதாவது பேப்பர் இருக்காங்க?” என்று என்னைக் கேட்டார். என்னிடம் என்ன பேப்பர் இருக்கும்? முத்துமாரியின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார். நாளைக்கே இவளை ஊருக்கு அனுப்பிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும், சேர்த்ததற்குக் கம்பெனி அத்தாட்சி அனுப்பவேண்டும் என்றார். போய்விட்டார். ஒருத்தியைக் கண்டுபிடித்தால் அவர் வேலைக்கு நல்ல பெயர். எல்லோரையும் கண்டுபிடித்தால் ஆர்டரே போய்விடும், அப்புறம் ஆடிட்டுக்கு வரக் கம்பெனி எங்கே இருக்கும்? அவரையும் நான் சந்தேகப்பட்டேன், இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன்.

சாரைத்தான் என்னால் ஒரு முடிவுக்குக் கொண்டுவர முடியவில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம் என்று தவித்தவளைத் தெரிந்தேதான் விடுவித்தாரா? இல்லை, அந்த அம்மாவின் கை அவள் தோளில் இருந்ததால் அவளைக் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கம்பெனிக்குக் காப்பாற்றிக்கொண்டாரா? வேறு ஒருத்தி முன்வரிசையில் நின்றிருந்தால்? யோசித்தால் இரண்டும் சரியாகவே படுகிறது. ஒரே கேள்விக்கு அவரிடம் எப்போதும் இரண்டு பதில்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனேன். அவளைக் கூட்டிப்போக அவளுடைய மாமன் வந்திருந்தான். சாரும் வந்திருந்தார். முத்துமாரிக்குப் புதுப் பள்ளிக்கூடப் பை வாங்கிக் கொடுத்திருந்தார், தோளில் மாட்டி வார் அளவை அவரே குனிந்து சரிசெய்தார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். அழுகை வந்தது, துடைத்துக்கொண்டேன். டிரைவர் வண்டியைக் கிளப்பி உறுமவிட்டார். அப்போதுதான் அவளுக்கு என்னவோ நினைப்பு வந்தது போல முகம் மாறியது.

“சார்” என்றாள். “நான் குழந்தைன்னு சொன்னியளே, அப்போ மத்தவளுவ?”

நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். இப்போதாவது மூலத்துக்குப் போவார், ஏதாவது ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது சொல்லட்டும் என்று ஆசைப்படக்கூடச் செய்தேன்.

“அவங்களுக்குப் பதினெட்டு ஆயிட்டும்மா” என்றார்.

நேற்று மத்தியானம் வரைக்கும் அந்தப் பதினெட்டுக்குள் நின்றிருந்தவள்தானே, முத்துமாரி புரிந்துகொண்டவளாகத் தலையை ஆட்டினாள்.